வின்டர்ஸெல்லின் இருநூறாவது ஆள்

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்துக்கு, வின்டர்ஸெல் என்ற ஜேர்மன் கிராமம் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தது. ஹொல்ம்லியாவுக்கும் பியோர்ண்டாலுக்கும் நடுவில் இருக்கும் காட்டுச் சரிவில் அது இறங்கியிருந்தது. அறுபத்தொரு வீடுகள், ஒரு தேவாலயம், தீயணைப்பு வண்டிக்கு ஒரு கொட்டகை, ஒரு ஓடை, சுற்றிவரக் கோதுமை வயல்கள், நாற்பத்திரண்டு பசுக்கள், நூற்றுத் தொண்ணூற்றொன்பது மனிதர்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு வீட்டில் கோப்பையொன்று உடைந்தது. அதுவும் பூனை தட்டிவிட்டது என்று பிறகு தெரியவந்தது. அங்கே நின்ற பேர்ச் மரங்கள், நெரிசலான பஸ்ஸில் ஆட்கள் உள்ளே தள்ளி நிற்பதைப் போல இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றுகொண்டன. இரண்டு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் தேவாலய மணிக்கூட்டைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அன்று சத்தியபாமாவுக்கு வேலை இல்லாத நாள். ஹொல்ம்லியா தொடர்மாடியில் மூன்றாம் மாடி பல்கனியில் கால்மிதிகளை உதறிக்கொண்டிருந்தவள் மணியோசை கேட்டு நிமிர்ந்தாள். நேற்றுவரை மரங்கள் மட்டும் தெரிந்த இடத்தில் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் ஒரு கூரிய கோபுரமும் தெரிந்தன. படம் எடுக்க செட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மற்றக் கால்மிதியையும் உதறினாள். ஐம்பத்தாறு வயதான அவள் முதியோர் இல்லமொன்றில் தாதி உதவியாளர். இடப்பெயர்வு வீடுகள், கொழும்பு லொட்ஜுகள், ஒஸ்லோவுக்குள் ரொம்மனில் ஒன்று, ஸ்தொவ்னரில் இரண்டு என்று பதினொரு முகவரிகளைப் பார்த்துவிட்டு, இந்தப் பன்னிரண்டாவதில் இருபத்தோரு வருடமாக இருப்பவள். இனி எனக்கு முகவரி மாறுவதென்றால் அது ஒரேயடியாக மாறுவதாகத்தான் இருக்கவேண்டும் என்று அடிக்கடி சொல்வாள். கணவன் குணசிங்கம் பஸ் ஓட்டுகிறவர். ஒரே மகள் கஜேந்தினி நகரின் நில அளவைப் பகுதியில் வேலை செய்தாள். கிராமம் வந்த மறுநாளே அதை அளக்க அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி.

கஜேந்தினி இரண்டு நாள் அளந்துவிட்டு வந்து குசினி மேசையில் கணக்கைச் சொன்னாள். வெளிப்பக்கமாகச் சுற்றி அளந்தால் கிராமம் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உள்ளே நடந்து அளந்தால் நாலு தசம் ஒன்று. இரண்டு அளவும் சரி என்பதால் இரண்டையும் வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். ஓடை தெற்கு எல்லையில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்து வடக்கு எல்லையில் ஒன்றுமில்லாத இடத்துக்குள் போகிறது, தண்ணீர் சுத்தமானது. ஹொல்ம்லியாவில் முழங்கால் அளவு பனி கிடந்தபோது அங்கே செர்ரி மரங்கள் மொட்டு விட்டிருந்தன, ஏனென்றால் அவர்கள் தங்கள் வானிலையையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். ஊரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது 1217இல், ஒரு மடாலயத்தின் பன்றிகள் பற்றிய முறைப்பாட்டில். 1633இல் சுவீடன் படைகள் தேவாலயத்தைத் தவிர எல்லாவற்றையும் எரித்தன. அதனால்தான் ஊர் எல்லைக்கு முதலில் போன நோர்வே அதிகாரிகளிடம் மேயர், "நீங்கள் சுவீடன்காரரா?" என்று கேட்டார். இல்லை என்றதும் கோப்பி கொடுத்தார். ஊர்ச் சின்னம், அலகில் பூட்டுத் திறப்பொன்றைக் கவ்விய ஒரு வாத்து. இருநூறு பேர்கூட இல்லாத அந்த ஊருக்குப் பதினொரு சங்கங்கள் இருந்தன. தொண்டர் தீயணைப்புப் படையும் ஆண்கள் பாடகர் குழுவும் அவற்றில் பழையவை.

இதையெல்லாம் குணசிங்கம் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரின் பெயரை மகள் சொன்னபோது மட்டும் அவர் கையிலிருந்த புட்டு மறுபடி சாப்பாட்டுக் கோப்பைக்குள் விழுந்தது. சத்தியபாமா அதைக் கவனித்தாள். கறி உறைப்பாக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு மணி அடித்தது. வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட, நரைத்த கூந்தலைக் கட்டையாக வெட்டிய, உயரமான பெண்ணொருத்தி நின்றாள். கக்கத்தில் தோல் அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்று. அவள்தான் வின்டர்ஸெல்லின் மேயர், ஹில்டெகார்ட் ரெம்லிங். அந்த வட்டாரத் தொடர்மாடிகளின் தபால் பெட்டிகளை நான்கு நாட்களாக ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். குணசிங்கத்தைக் கண்டதும் அவள் பதிவேட்டை விரித்து ஒரு வரியைக் காட்டினாள். அவர் அந்த வரியை வாசித்தார். பிறகு ஜேர்மன் மொழியில் பேசத் தொடங்கினார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு ஜேர்மன் சொல்லையும் கேட்டறியாத சத்தியபாமா, அவர் அதைத் தண்ணீர் குடிப்பதைப் போலப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"இஞ்சேருங்கோ, என்ன நடக்குது?"

"பாமா, இரும். சொல்லுறன்."

"ஜேர்மனியிலை ரெண்டு கிழமை நிண்டனான் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ரெண்டு வரியம்," என்றார் குணசிங்கம். பிறகு, "ரெண்டு வரியமும் ரெண்டு மாதமும்," என்று திருத்தினார்.

நடந்தது இதுதான். 1986இல், கிழக்கு பெர்லினில் விமானமிறங்கி மேற்குக்குக் கடந்த எத்தனையோ பேரைப் போல, இருபத்திரண்டு வயதுக் குணசிங்கமும் அகதியாகப் பதிந்தார். ஒவ்வொரு ஊருக்கும் சிலரென்று பிரித்து அனுப்பியபோது வின்டர்ஸெல்லுக்கு அவர் ஒருவர் மட்டும் வந்தார். பாடசாலைக்கு மேலிருந்த அறையில் இருந்தார். தீயணைப்புப் படையில் சேர்ந்தார். பாடகர் குழுவில் சொற்களின் பொருள் தெரியாமல் நன்றாகப் பாடினார். 1988 ஒக்ரோபரில் அவருடைய மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், அன்று காலையே ஒரு பொலித்தீன் பையோடு, தீயணைப்புப் படையின் நீலச் சட்டையைப் போட்டபடி ரயில் ஏறி, ஒஸ்லோவிலிருந்த மச்சானிடம் வந்துவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்ததாக இப்போது சொன்னார். ஊரார் அவர் காட்டில் வழிதவறிவிட்டார் என்று நினைத்து மூன்று நாள் நாய்களோடு தேடியிருக்கிறார்கள். அவருக்காக அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்பியிருந்த முறையீடு அடுத்த மாதமே ஏற்கப்பட்டது. ஊருக்கும் அறிவித்தார்கள்; அவர் பெயருக்கு வந்த கடிதம் பிரிக்கப்படாமல் இன்னும் பதிவேட்டுக்குள் இருந்தது. ஊர்ப் பதிவிலிருந்து ஒருவரை நீக்குவதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். கையெழுத்திட அவர் இல்லாததால், அப்போதைய பதிவாளர் வெண்டெலின் கிராவுஸ, குணசிங்கத்தின் பெயருக்கு எதிரே "வெளியே போயிருக்கிறார்" என்று பென்சிலால் எழுதி வைத்தார். முப்பத்தைந்து வருடமாக அவர் வெளியே போயிருந்தார்.

இப்போது வின்டர்ஸெல் இருந்த ஜேர்மன் மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் வந்திருந்தது. இருநூறு பேருக்குக் குறைந்த ஊர்களைப் பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஜூன் முப்பதாம் திகதி நண்பகலில் கணக்கெடுப்பு. ஊரில் ஆளாக நின்றால்தான் எண்ணுவார்கள். பதிவேட்டின்படி இருநூறு பேர், ஆனால் ஒருவர் வெளியே. ஆகவே மார்ச் பதின்மூன்றாம் திகதி கூடிய ஊர்ச்சபை, அவர் இருக்குமிடத்துக்கு ஊர் போவதென்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு இல்லை, ஒருவர் வாக்களிக்கவில்லை. அவருக்குப் பயணம் ஒத்துவராது.

"ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?" என்று சத்தியபாமா கேட்டதைக் குணசிங்கம் மொழிபெயர்த்தார்.

"முகவரி தெரியாதே," என்றாள் மேயர்.

"முகவரி தெரியாமல் என்னெண்டு இஞ்சை வந்தனீங்கள்?"

"எங்களுக்குத்தான் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது."

சத்தியபாமா தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு ஊரே தேடி வருமளவுக்கு ஒரு மனிதனை ஆட்கள் அறிந்திருக்க, முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறதே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகு ஒன்பது கிழமை அவள் கணவனோடு நேரே பேசவில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள். மகள் வேலைக்குப் போயிருந்தால் குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்வாள். குணசிங்கமோ வேலை முடிந்த கையோடு வின்டர்ஸெல்லுக்குப் போனார். முதல் நாள் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வயிற்றில் பொத்தான் பூட்ட முடியவில்லை. தீயணைப்புப் படை வரிசையாக நின்று சல்யூட் அடித்தது. பிறகு மூன்று நாள் தேடிய களைப்புக்காக ஒவ்வொருவரும் முறைவைத்து அவரை ஏசினார்கள். அவர் எல்லா ஏச்சையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சத்தியபாமாவுக்குச் சிரிப்பு வந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்குள் சிரித்தாள்.

மே மாத முதல் கிழமையில் மேயர் மறுபடி வந்தாள், இந்த முறை சத்தியபாமாவைத் தேடி. பழைய பதிவாளர் வெண்டெலின் கிராவுஸவுக்குத் தொண்ணூற்றொரு வயது, கல்யாணம் கட்டாதவர், நெஞ்சில் நீர் சேர்ந்து படுத்துவிட்டார். வாரத்துக்கு மூன்று முறை வந்து பார்க்கும் தாதி பக்கத்து நகரத்தில் இருந்தாள். அந்த நகரம் ஊரோடு சேர்ந்து வரவில்லை. நோர்வே வைத்தியர் வந்து மருந்து எழுதிக் கொடுத்தார், ஆனால் கழுவித் துடைத்துவிட ஆள் வேண்டும். சத்தியபாமா கைப்பையை எடுத்தாள். கோபம் வேறு, கிழவனுக்குப் படுக்கைப்புண் வருவது வேறு.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போனாள். தேவாலயத்துக்கு எதிர்மூலையில் இருந்த அவருடைய வீடு சுத்தமாக இருந்தது. குசினி ஜன்னல் மட்டும் இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. அவள் தமிழில் கதைத்தாள், அவர் ஜேர்மனில் கதைத்தார். ரசத்தை முதல்நாள் முகர்ந்து பார்த்துவிட்டு நீண்ட விளக்கம் ஒன்று கொடுத்தார். மறுநாள் இரண்டு கோப்பை குடித்தார். "நாளைக்கு உங்கடை ஜன்னலை உடைக்கிறனோ இல்லையோ பாருங்கோ," என்று அவள் சொன்னால் அவர் மிக மரியாதையாகத் தலையாட்டுவார். மூன்றாம் கிழமையில் ஒருநாள் அவர் குணசிங்கத்தைக் கூட்டிவரச் சொன்னார். நேரே பேசாமல் இருந்த இருவரும் ஒன்றாக நடந்து போனார்கள். தன்னைப் பற்றிக் கிழவர் சொன்னதைக் குணசிங்கம், வேறு யாரையோ பற்றியதைப் போல, தயங்கித் தயங்கி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "இவர் இஞ்சை இருந்த காலத்திலை, ஒவ்வொரு கிழமையும் தபாற்கந்தோருக்குப் போய் வீட்டிலையிருந்து கடிதம் வந்ததோ எண்டு கேப்பாராம். வராது. ஒருநாளும் முகத்தைத் தொங்கப்போட மாட்டாராம். சிரிச்சுக்கொண்டே போய், தீயணைப்பு வண்டிக்குப் பின்னாலை நிண்டு அழுவாராம். எல்லாருக்கும் தெரியுமாம். தெரியாத மாதிரி இருந்ததாம் ஊர்." மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் நின்றுபோனது. சத்தியபாமா கணவனைப் பார்த்தாள்.

"உதை எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள். ஒன்பது கிழமைக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் சொற்கள் அவை.

"வெக்கமாய் இருந்தது, பாமா."

"அழுததோ?"

"இல்லை. சொல்லாமல் வந்தது."

அவள் எழுந்து போய்க் கிழவரின் தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

ஜூன் இருபத்தேழாம் திகதி காலை, அவள் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே வெண்டெலின் கிராவுஸ இறந்துபோனார். பாடகர் குழு பாடியது. தீயணைப்புப் படை குழி வெட்டியது. அவரைத் தூக்கிய ஆறு பேரில் குணசிங்கமும் ஒருவர். முழு ஊரும் பின்னால் நடந்தது. மாட்டுக்காரர்கூட மாடுகளைப் பக்கத்துப் புல்வெளியில் நிறுத்திவிட்டு வந்தார். சத்தியபாமா கடைசி வரிசையில் நின்று பார்த்தாள். அங்கே ஒருவரும் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. குணசிங்கத்தோடு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

முப்பதாம் திகதி காலை கணக்கெடுப்பு அதிகாரி விமானத்தில் வந்து, லோக்கல் ரயிலில் ஹொல்ம்லியாவில் இறங்கி, கைப்பெட்டியோடு நடந்து வந்தார். ஊர் இடம் மாறியிருப்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆட்கள் குறைந்தால் ஊர் இன்றே பக்கத்து நகரத்தின் பகுதியாகிவிடும், நகரத்தின் பகுதி நகரத்தோடுதான் இருக்கவேண்டும், ஆகவே நண்பகலுக்குப் பிறகு இங்கே இருக்காது என்று மட்டும் சொன்னார். சதுக்கத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். குணசிங்கம் தீயணைப்புப் படையோடு நின்றார். மேயர் ஹில்டெகார்ட் அதற்கு முந்தைய நாள் முழுவதும் சத்தியபாமாவைத் தெருவில் நாலு முறை கண்டும் ஊரில் பதியச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை. கிழவரைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று மட்டும் சொன்னாள், அந்த ஒரு சொல்லைத் தமிழில் கற்றுக்கொண்டு. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்ல சத்தியபாமா பதிலோடு இருந்தாள். கேட்காததால் அந்தப் பதில் கையிலேயே மிஞ்சிவிட்டது.

பதினொன்று நாற்பதுக்கு அவள் பல்கனியில் நின்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, அங்கை பதிஞ்சால் இஞ்சத்தைய பதிவு போயிடுமே?"

"ஏனம்மா போகுது? அந்த ஊர் ஒஸ்லோ கொம்யூன் எல்லைக்குள்ளைதானே கிடக்குது. நான்தானே அளந்தனான். குசினிக்குள்ளை நிக்கிற ஆள் வீட்டுக்குள்ளையும்தானே நிக்கிறா."

"வடிவாய்த் தெரியுமோ?"

"அம்மா, வெளிக்கிடுங்கோ. நேரம் போகுது."

ஏழு நிமிட நடையை அவள் ஐந்து நிமிடத்தில் நடந்தாள். வீட்டுச் செருப்போடு, சமையல் உடுப்போடு சதுக்கத்தின் நடுவே வந்து அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றபோது பதினொன்று நாற்பத்தெட்டு. அதிகாரி முகவரி கேட்டார். அவள் திரும்பி, தேவாலயத்துக்கு எதிர்மூலையில் இருந்த வெண்டெலினின் வீட்டைக் காட்டினாள். வாரிசு இல்லாத வீடு என்பதால் அது ஊருக்குச் சொந்தமாகியிருந்தது. மேயர் உடனே தலையாட்டினாள். அதிகாரி குணசிங்கத்தின் பெயருக்குக் கீழே "மனைவி" என்று எழுதப் போனார்.

"நில்லுங்கோ," என்றாள் சத்தியபாமா. கணவனைக் கூப்பிட்டாள். "எனக்குத் தனி வரி வேணும் எண்டு சொல்லுங்கோ. என்ரை பேரிலை. பிறகு, அந்தக் குசினி ஜன்னலைத் திருத்தித் தரவேணும். திறக்காத ஜன்னலோடை என்னாலை மிளகாய் பொரிக்கேலாது."

குணசிங்கம் மொழிபெயர்த்தார். மேயர் அங்கேயே நின்றபடி ஊர்ச்சபையைக் கூட்டினாள். ஆதரவு எட்டு. அதிகாரி புதிய வரியில் சத்தியபாமா குணசிங்கம் என்று எழுத்துக்கூட்டி எழுதி, இருநூறு என்று கூட்டிப் போட்டு, முத்திரை குத்தினார். அப்போது பதினொன்று ஐம்பத்தாறு. நாலு நிமிடம் எல்லோரும் தேவாலய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு அடித்தது. பசுக்கள் இருந்தன, கோபுரம் இருந்தது, ஹொல்ம்லியா பக்கமிருந்து பஸ் ஒன்று வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. பாடகர் குழுவிடம் அந்த நேரத்துக்கு ஏற்ற பாட்டு இல்லாததால் கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். குணசிங்கம் சத்தியபாமாவின் கையைப் பிடித்தார். ஊர் பார்க்க அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஜன்னல் மூன்று மாதமாகியும் திருத்தப்படவில்லை. அதைக் கேட்க முதன்முதலாக ஊர்ச்சபைக்குப் போன சத்தியபாமா, அங்கே தெருவிளக்கு, நாய்க் கழிவு, மழைநீர் வடிகால் எல்லாவற்றிலும் தனக்குக் கருத்து இருப்பதைக் கண்டுகொண்டாள். பிழையான ஜேர்மனில், விரலை ஆட்டி, சளைக்காமல் பேசினாள். அடுத்த வருடத் தேர்தலில் நூற்றைம்பத்தொரு வாக்குகள் எடுத்துச் சபை உறுப்பினரானாள். ஜன்னலை அந்தக் கிழமையே தச்சர் வந்து கழற்றிப் புதிதாகப் போட்டார். இருவரும் அந்த வீட்டுக்கே குடிபோனார்கள்; தொடர்மாடி வீட்டில் கஜேந்தினி இருக்கிறாள். ரொம்மனிலிருந்தும் பியோர்ண்டாலிலிருந்தும் ஆட்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பசு காட்டக் கூட்டிவருகிறார்கள். ஊர்ச் சங்கங்கள் இப்போது பன்னிரண்டு. பன்னிரண்டாவது, தோசைச் சங்கம். அதன் தலைவர் ஹில்டெகார்ட் ரெம்லிங். அவளுக்கு இன்னும் வட்டமாக ஊற்ற வரவில்லை. தபாற்பகுதி ஒரு வருட யோசனைக்குப் பிறகு ஊருக்கு இரண்டு தபால் இலக்கங்களைக் கொடுத்தது. எதைப் போட்டாலும் கடிதம் வந்து சேர்கிறது.

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து சத்தியபாமாவின் தங்கை தக்ஷாயினி தொலைபேசி எடுத்தாள். மகளின் கல்யாண அழைப்பிதழ் அனுப்ப வேண்டியிருந்தது.

"அக்கா, வீடு மாறிட்டியளாம். இப்ப எங்கை இருக்கிறியள்?"

"ஜேர்மனியிலையடி. ஹொல்ம்லியா ஸ்டேசனிலையிருந்து நடக்கிற தூரம்."

"ஓ. அங்கை குளிர் எப்பிடி?"

"ஒஸ்லோவைவிடக் குறைவு," என்றாள் சத்தியபாமா. "மாப்பிளை என்ன செய்யிறார்?"